ஒரு சாண் வால்

அலாரம் அடிப்பதற்கு முன்பே விழித்துவிடுகிறேன். ஆனாலும் அது அடிக்கும்வரை படுத்திருப்பேன். பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பல் தேய்ப்பேன். சில நாள் பால் பொங்கி வழிந்திருக்கும், அடுப்பைத் துடைப்பேன். ரொட்டியில் வெண்ணெய் தடவி டப்பாவில் வைத்து மூடுவேன். பிறகு மகளை எழுப்புவேன். எழுந்திருக்க மாட்டாள். போர்வையை உருவுவேன். உருவிய பிறகும் தலையணையைக் கட்டிக்கொண்டு கிடப்பாள்.

அவளுக்கு ஜடை பின்ன வேண்டும். எனக்குக் கயிறு பின்னத்தான் தெரியும், தொழிலில் கற்றது. அதையே செய்கிறேன்.

“இழுக்காதப்பா. நான் என்ன தார்ப்பாயா?”

“அசையாம இரு.”

“லாரி மேல கட்டுற மாதிரியே கட்டுற.”

“அதான் சாயங்காலம் வரைக்கும் அவிழாம இருக்கு.”

வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். அவசரத்துக்கு வால். நடக்கத் தொடங்கிய காலத்தில் அம்மாவின் உடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே திரிந்ததால் அவள் அம்மா வைத்தது. பள்ளியில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் திட்டப்போகிறோம் என்று அர்த்தம்.

மாமியார் தன் அறையிலிருந்து வந்து எட்டிப் பார்ப்பார். என் மனைவி இறந்த பிறகு எங்களோடு இருக்க வந்தவர். ஜடையைப் பார்த்ததும் பெருமூச்சு விடுவார்.

“மாப்பிள்ளை, அது குழந்தை தலை. கப்பல் இல்ல.”

“இறுக்கமா இருக்கட்டும் அத்தை.”

அவிழ்த்து, மறுபடி பின்னுவார். பின்னும்போது என்னிடமும் இல்லாமல் பேத்தியிடமும் இல்லாமல் சீப்பிடம் சொல்வார்: “கடைசி மூச்சுலயும் உன்னைத்தானே நினைச்சா. என் பிள்ளைய மறந்துடாதீங்கன்னு சொல்லிட்டுத்தானே போனா.”

இது தினமும் நடக்கும். நான் டப்பாவைப் பையில் வைப்பேன்.

என் மனைவி அந்த வார்த்தைகளில் சொல்லவில்லை. அன்று எங்கள் துணிக்கூரைப் பட்டறையில் ஒட்டு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் பூசிய துணியை நாங்கள் தைப்பதில்லை. ஓரங்களுக்கு நடுவே சூடான காற்றை ஊதி ஒட்டுவோம். மெஷின் பெரிதாக இரையும். அவள் தம்பி, அதாவது என் மச்சான், அதன்மேல் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தான். அவளுக்குத் தலைவலி. துணி உருளைகள் அடுக்கிய மூலைக்குப் படுக்கப் போனாள். நான் வண்டிச் சாவியுடன் வாசலில் நின்றேன், பள்ளி விடும் நேரம். போகிற போக்கில் திரும்பி ஏதோ சொன்னாள். இரைச்சலுக்கு நடுவில் ‘வால மறந்துடாத’ என்பது மட்டும் காதில் விழுந்தது. சரி என்று தலையாட்டிவிட்டுப் போனேன். மகளோடு நான் திரும்பியபோது அவள் எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் மருத்துவர். பிறகும் பேசவில்லை.

கடைசியாக என்ன சொன்னாள் என்று அத்தை கேட்டார். கேட்டதைச் சொன்னேன். உறவினர்கள் வரத் தொடங்கியதும் ‘வால்’ ‘என் பிள்ளை’ ஆனது. ‘மறந்துடாத’ ‘மறந்துடாதீங்க’ ஆனது. நானும் அவளும் ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு. என்னை அவள் நீ, வா, போ என்றுதான் பேசுவாள். கல்யாணமான புதிதிலிருந்தே அத்தைக்கு அதில் வருத்தம். ஒருவழியாகத் திருத்திவிட்டார்.

திருத்தியதில் எனக்குக் குறை இல்லை. அதன் பொருள்தான் இறங்கவில்லை. நான் தினமும்தான் மகளை அழைத்து வருவேன். அன்று மட்டும் ஏன் சொன்னாள்?

“அவளுக்குத் தெரிஞ்சிருக்கு” என்பார் அத்தை. “தெரிஞ்சுதான் பிள்ளைய ஒப்படைச்சிட்டுப் போயிருக்கா.” பிறகு வேறு குரலில்: “தெரிஞ்சும் என்னை ஒரு போன் போட்டுக் கூப்பிடலையே. பெத்தவ நான் உயிரோடதானே இருந்தேன்.”

அவளுக்குத் தெரிந்திருந்தால், தெரிந்துகொண்டே என்னைப் பார்த்து நின்றிருக்கிறாள். நான் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தேன். அங்கேயே என் நினைப்பு வந்து நிற்கும். தாண்டிப் போகாது.

பட்டறையில் ஃபோன் என் பொறுப்பு. கடை வாசல்களுக்கும் கட்டடங்களுக்கும் துணிக்கூரை, லாரிகளுக்கு மூடுதுணி, கிடங்குகளுக்குத் திரை, இவ்வளவுதான் தொழில். கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். சரிவு எவ்வளவு வேண்டும்? ஒரு மீட்டருக்கு ஒரு சாணாவது இறக்கம் வேண்டும், குறைத்தால் மழைத்தண்ணீர் தேங்கித் துணிக்கு வயிறு விழும். நடைபாதைக்கு மேல் நீட்டலாமா? நகராட்சி அனுமதி வாங்கினால் நீட்டலாம். காற்றுக்குப் பிய்த்துக்கொண்டு போகுமா? கூரை போகாது, உங்கள் சுவர் போகுமா என்று பார்த்துச் சொல்லுங்கள். பழைய துணிக்குப் பெயின்ட் அடிக்கலாமா? கூடாது, துணிக்கு இருக்கும் தீத்தடுப்பு கெட்டுவிடும். இதற்கெல்லாம் பதில் இருக்கிறது. அதனால் ஃபோன் எடுப்பது எனக்குப் பிடிக்கும்.

போன வாரம் வந்த கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கேட்டது குழந்தைகள் மருத்துவமனையின் நிர்வாகி.

அந்த மருத்துவமனையின் வாசல் கூரை நாங்கள் செய்தது. நீலமும் வெள்ளையும். பட்டறையில் இதுவரை செய்ததில் பெரியது அதுதான். அன்று மெஷினில் இருந்தது அதன் முன்மடிப்பு. என் மனைவி வெட்டிய கடைசித் துணி. பிறகு மச்சான்தான் ஆட்களோடு போய்க் கட்டிவிட்டு வந்தான். நான் அந்தத் தெரு வழியாகப் போவதில்லை.

“தீயணைப்புத் துறையிலருந்து வர்றாங்களாம். கூரைத் துணி தீப்பிடிக்குமான்னு பாக்கணுமாம்” என்றார் நிர்வாகி.

“துணியாலை குடுத்த சான்றிதழ் இருக்கே சார்.”

“அது பத்தாதாம். புது விதியாம். நீங்களே படிச்சுப் பாருங்க.”

அனுப்பி வைத்தார். படித்தேன். பொதுமக்கள் கூடும் கட்டடங்களில், பொருத்தப்பட்ட துணியிலிருந்தே ஒரு துண்டை, ஆய்வாளர் முன்னிலையில் வெட்டி, நெருப்பு காட்டிச் சோதிக்க வேண்டும். உள்ளங்கை அகலம், ஒரு சாண் நீளம். உருளையில் மிஞ்சிய துணி செல்லாது. தனியாக ஒட்டிவைத்த துண்டும் செல்லாது.

விதியில் தவறில்லை. மிச்சத் துணியைக் காட்டிவிட்டு மேலே வேறு துணியைக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் விதியை எழுதியவர் கூரை கட்டியதில்லை. துணி நான்கு பக்கமும் இழுபட்டு விறைப்பாக நிற்கிறது. நடுவில் கத்தி வைத்தால், அடுத்த பெருங்காற்றில் அந்த வெட்டு வாசல் முழுக்க ஓடும். மேலே ஒட்டுப்போடலாம். ஒட்டுப்போட்டதை நிர்வாகி ஏற்க மாட்டார்.

ஏற்கவில்லை. “தினமும் அம்மாக்கள் கைக்குழந்தையோட நிக்கிற இடம் சார். ஒட்டுப்போட்ட கூரையெல்லாம் வேணாம். ஓட்டை விழுந்தா கழட்டிட்டுத் தகரம் போட்டுக்குறேன்.”

எனக்கு அதைக் கழற்ற மனமில்லை. காரணம் கேட்டால் சொல்லியிருக்க மாட்டேன். யாரும் கேட்கவில்லை. மச்சான் வெளியூரில் ஒரு கிடங்குக்குத் திரை கட்டிக்கொண்டிருந்தான். ஆய்வு நாளன்று நேராக மருத்துவமனைக்கு ஏணியும் கத்தியும் கொண்டு வரச் சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை. அத்தையிடமும் சொல்லவில்லை. வாரம் முழுக்கப் பதில் தேடினேன், கிடைக்கவில்லை.

கூரையை ஆய்வு நாளன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன். நன்றாக இருந்தது. சுருக்கம் இல்லை, வயிறு விழவில்லை. நிழல் தரையில் இலேசான நீலமாக விழுந்திருந்தது. ஒரு பெண் அந்த நிழலில் நின்று குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

ஆய்வாளர் நடுத்தர வயதுப் பெண். கையில் ஒரு சின்ன இரும்புப் பெட்டி. நான் சான்றிதழை நீட்டினேன். முழுதாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“காகிதம் நல்லாத்தான் இருக்கு. துணி எங்க?”

“மேல இருக்கு மேடம்.”

“எனக்குக் கீழ வேணும்.”

“வெட்டினா கூரை போயிடும் மேடம். வேற வழி ஏதாவது...”

“இதே கேள்விய நேத்து ஒருத்தர் கேட்டார். முந்தாநாள் ஒருத்தர் கேட்டார். விதிய நான் எழுதல தம்பி. எரியுதான்னு பாக்குறதுக்கு மட்டுந்தான் எனக்குச் சம்பளம்.”

நிர்வாகி என்னைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார், தகரத்துக்கு அளவெடுப்பதுபோல.

அப்போது மச்சான் வந்தான். தோளில் ஏணி, தலையில் ஊர்ப்பட்ட தூசி.

“ஏணி கேட்டீங்க, சரி. கத்தி எதுக்கு மாமா? யாரையாவது குத்தப் போறோமா?”

“துணிய வெட்டணும்.”

“எந்தத் துணிய?”

“இதைத்தான். சோதனைக்கு. மேல இருக்கிற துணியிலயே ஒரு துண்டு வேணுமாம்.”

“இவ்ளோதானா?” ஏணியைச் சுவரில் சாய்த்தான். “வால வெட்டிக் குடுத்தா முடிஞ்சு போச்சு.”

எனக்குப் புரியவில்லை. மகள் பள்ளியில் இருக்கிறாள் என்று ஒரு கணம் சொல்லப் போனேன்.

“எந்த வால்?”

“கூரையோட வால் மாமா.”

“கூரைக்கு ஏதுடா வால்?”

அவன் ஏணியில் ஏறினான். கூரையின் முன் ஓரத்தில் துணி ஒரு நீளமான பைபோல மடிந்திருக்கும், அதற்குள் இரும்புக் குழாய் போகும். குழாயின் நுனியில் இருந்த மூடியைக் கழற்றி, மடிப்புக்குள் முழங்கைவரை விட்டுத் துழாவினான். பிறகு மெதுவாக இழுத்தான். பையின் வாயிலிருந்து, பூனை வால் வெளியே வருவதுபோல, ஒரு பட்டைத் துணி வந்தது. நீலம்.

“என்னது அது?” என்றார் ஆய்வாளர்.

“வால் மேடம்.”

“ஒட்டினதா இருந்தா எடுத்துக்க மாட்டேன்.”

“ஏறி வந்து பாருங்க. ஒட்டே கிடையாது. மேல ஓடுற அதே துணிதான், மடிஞ்சு உள்ள வந்து சும்மா தொங்குது. இழுவை இதுல கிடையாது. வெட்டினா கூரைக்குத் தெரியக்கூடத் தெரியாது.”

ஆய்வாளர் நிஜமாகவே ஏறினார். நிர்வாகி பதறிப்போய் ஏணியைப் பிடித்துக்கொண்டார். மேலே அவர் பட்டையைத் திருப்பிப் பார்த்தார், ஓரத்தை நகத்தால் சுரண்டினார், துணி எங்கிருந்து வருகிறது என்று விரலாலேயே தடவிக்கொண்டு போனார். இறங்கும்போது முகம் கொஞ்சம் மாறியிருந்தது.

“எனக்கு எதிரிலயே வெட்டுங்க. இதுவே ரெண்டு சாண் இருக்கும்போலிருக்கே.”

“ஒன்னேகால்தான் மேடம்” என்றான் மச்சான். “அளந்து விட்டது.”

“யாரு யோசிச்சது இதை?”

“எங்கக்கா.”

“கெட்டிக்காரி. அவங்க வரலையா?”

“இல்ல மேடம்” என்றான். கத்தியைத் துடைத்தான்.

சோதனை பின்பக்க முற்றத்தில் நடந்தது. ஆய்வாளர் பெட்டியிலிருந்து ஒரு இடுக்கியை எடுத்துத் துண்டை அதில் தொங்கவிட்டார். அடியில் சிறிய பர்னரைக் காட்டினார். நீலம் கறுத்தது. ஓரம் சுருண்டது. ஒரு சின்னச் சுடர் துணியில் ஏறியது. நான் அதையே பார்த்தேன். அவர் பர்னரை விலக்கினார். சுடர் ஒருமுறை அசைந்தது, பிறகு தானாகவே அணைந்தது. உருகி ஒரு சொட்டுகூட விழவில்லை.

“அணைஞ்சது” என்றார் ஆய்வாளர். “கூரை இருக்கட்டும்.”

நிர்வாகி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். தகரத்தைப் பற்றிப் பேசியதே இல்லாததுபோல, இந்த நீலத்தைத் தேர்ந்தெடுத்ததே தான்தான் என்றார்.

நானும் மச்சானும் வாசல் படியில் உட்கார்ந்தோம், கூரைக்குக் கீழே. அவன் டீ வாங்கி வந்தான்.

“ஒரு வாரமா இதையா மாமா மனசுல வெச்சுக்கிட்டு இருந்தீங்க? கேட்டிருந்தா ஃபோன்லயே சொல்லியிருப்பேனே.”

“எனக்கு வால்னு ஒன்னு இருக்கிறதே தெரியாது.”

“எப்படித் தெரியும்? ஆபீஸ் ரூமை விட்டு வெளிய வந்தாத்தானே. அதுவும் இது ஒன்னுலதான் விட்டோம். அக்காகிட்ட துணி ஏஜென்ட் சொன்னாராம், இனிமே மேல இருக்கிற துணியிலயே வெட்டிக் கேப்பாங்கன்னு. மடிப்புக்குள்ள ஒரு துண்டு தொங்க விடுவோம்டான்னா. என்ன பேருக்கா வைக்கிறதுன்னேன். பின்னாடியே தொங்கிக்கிட்டு வருதே, நம்ம வால் மாதிரின்னு சிரிச்சா.”

டீ டம்ளர் சூடாக இருந்தது. கீழே வைத்தேன்.

“எப்பச் சொன்னா?”

“பேரு வெச்சது முன்னாடி நாள். அன்னைக்கு மறுபடி ஒருதரம் ஞாபகப்படுத்திட்டுப் படுக்கப் போனா.” என் பக்கம் திரும்பினான். “நீங்ககூட வாசல்ல நின்னீங்களே. சாவி வெச்சுக்கிட்டு.”

“அது உங்கிட்ட சொன்னதா?”

“பின்ன? மெஷின்ல இருந்தது நான்தானே. ஏன், என்ன ஆச்சு?”

அவனுக்கும் அத்தை சொன்ன வாசகம்தான் தெரியும். பிள்ளையைப் பற்றி அவள் என்னிடம் தனியாக ஏதோ சொல்லியிருப்பாள் என்றே நினைத்திருக்கிறான். துணி மடிப்பைப் பற்றிச் சொன்னதைப் போய் யாரிடம் சொல்வது என்று விட்டுவிட்டான்.

“என்ன சொன்னா? வார்த்தை மாறாமச் சொல்லு.”

சொன்னான். நான் மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடியும் சொன்னான். என்னையே பார்த்தான்.

“மாமா, சிரிக்கிறீங்களா, அழுறீங்களா? எதுன்னு சொல்லுங்க, அதுக்கேத்த மாதிரி இருக்கேன்.”

எனக்கே தெரியவில்லை. அவளுக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. அதுதான் மறுபடி மறுபடி மனதில் வந்தது. தெரிந்துகொண்டு என்னைப் பார்க்கவில்லை. என்னைப் பார்க்கவே இல்லை. தம்பியைப் பார்த்து, ஒரு மடிப்பைப் பற்றி, அதட்டிக்கொண்டிருந்தாள். ஒரு சாதாரண மத்தியானம். தலைவலி. முடிக்க வேண்டிய வேலை. நான் சாவியைச் சுற்றிக்கொண்டு நின்றதில் தப்பு இல்லை. அப்படித்தான் அந்த நேரத்தில் யாரும் நிற்பார்கள். மகளை அழைக்க அவள் சொல்லாவிட்டாலும் போயிருப்பேன்.

டீ ஆறிவிட்டது. குடித்தேன். ருசி தெரிந்தது.

“கிளம்பு” என்றேன். “வீட்டுக்கு வா. உங்கம்மா முன்னாடி சொல்லணும்.”

போகிற வழியில் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டோம். மாமாவின் தோளில் ஏற வேண்டும் என்றாள். தோளில் ஏணி இருக்கிறது என்றான். அப்படியென்றால் ஏணியில் ஏறுகிறேன் என்றாள். வீடு வரும்வரை இந்த வழக்கு ஓடியது.

அத்தை கதவைத் திறந்தார். மூன்று பேரும் ஒன்றாக வந்து நிற்பதைப் பார்த்துப் பயந்துவிட்டார்.

“என்ன ஆச்சு மாப்பிள்ளை?”

“ஒன்னும் ஆகல அத்தை. உக்காருங்க. அவ கடைசியாச் சொன்னது என்கிட்ட இல்ல. இவன்கிட்ட.”

அத்தை மகனைப் பார்த்தார். “உன்கிட்டயா? இத்தனை நாள் வாயில என்னத்த வெச்சிருந்த?”

அவன் ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு, கூரையையும் வாலையும் முதலில் விளக்கினான். மகள் நடுவில் புகுந்தாள்.

“துணிக்கு என் பேரா?”

“உன் பேருதான்.”

“அம்மாவா வெச்சது?”

“அம்மாதான்.”

“அப்ப அதுவும் அம்மா பின்னாடியே போச்சா?”

“இல்ல. அது அங்கதான் இருக்கு. ஆஸ்பத்திரி வாசல்ல. கொஞ்சம் வெட்டிக் குடுத்தோம், மிச்சம் தொங்குது. நாளைக்குக் காட்டுறேன்.”

அவளுக்குப் போதுமாக இருந்தது. பையைத் தூக்கி எறிந்துவிட்டு உள்ளே ஓடினாள். அத்தை மட்டும் அசையவில்லை. முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார்.

“அப்ப அவளுக்குத் தெரியாதா?” என்றார். “என்னைக் கூப்பிடக்கூடாதுன்னு இல்லையா?”

“யாரையும் கூப்பிட அவளுக்குத் தோணியே இருக்காது அத்தை. தம்பிய விரட்டிக்கிட்டு இருந்தா.”

“என்னன்னு விரட்டினா? அப்படியே சொல்லுடா. நீயா ஒன்னும் சேக்காத.”

வார்த்தைகளைத் திருத்தும் பழக்கம் உள்ளவர் அப்படிச் சொன்னது எனக்கு வேடிக்கையாக இருந்தது. பிறகு அத்தை நெடுநேரம் அழுதார், நடுநடுவே சிரித்தார், மறுநாள் காலை பேத்தியின் ஜடையை ஒன்றும் பேசாமல் பின்னினார். அதெல்லாம் பிறகு. மச்சான் அப்போது எழுந்து நின்று, இடுப்பில் ஒரு கையும் நெற்றியில் ஒரு கையுமாக, அக்கா நிற்பதுபோலவே நின்று, அவள் குரலிலேயே சொன்னான்:

“வால மறந்துடாதடா. ஒரு சாணுக்கு மேலயே விடு, கஞ்சத்தனம் பண்ணாத. எந்திரிச்சு வந்து அளந்து பாப்பேன்.”